கணினிக்கு உண்மையான முகவரி எது? கானாடுகாத்தானிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்திவரும் நீங்கள், நான்கு சிக்கல்களைச் சொல்லி, முடிவில் அவற்றை ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். மின்சாரம் போய் வந்த பிறகு, முகப்பில் பில் அடிக்கும் பிரிண்டர் சில நாட்களில் அடிப்பதில்லை. வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் உள்ள மடிக்கணினியில் தேடினால் அந்தப் பிரிண்டர் பட்டியலிலேயே வருவதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, நீங்கள் எழுதி அனுப்பிய 192.168.1.64 என்ற எண்ணைத் தட்டினால் வாசல் கேமரா திறப்பதில்லை. உங்கள் கணினி தன் முகவரி 192.168.1.20 என்கிறது, இணையத்தில் ‘என் ஐ.பி. எது’ என்று தேடினால் முற்றிலும் வேறோர் எண் வருகிறது. இவற்றுள் கணினியின் உண்மையான முகவரி எது என்பதுதான் உங்கள் கேள்வி.

எல்லாமே உண்மையானவைதாம். ஒரு கணினிக்கு ஒரே சமயத்தில் பல அடையாளங்கள் உண்டு; ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அந்த எல்லையைத் தாண்டி அதைப் பயன்படுத்தும்போதுதான் நீங்கள் சொன்ன நான்கு சிக்கல்களும் எழுகின்றன. ஆகவே இந்த எண் எது, இது எங்கே வரை செல்லும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கப் பழகிக்கொண்டால், பழுது பார்க்க ஆள் வருவதற்கு முன்பே பாதிக் காரணம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் வன்பொருளோடு ஒட்டியிருக்கும் அடையாளத்தை எடுத்துக்கொள்வோம். கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ பிணையத்தில் (நெட்வொர்க்கில்) சேரும் ஒவ்வோர் இணைப்புப் பகுதிக்கும் மேக் முகவரி என்ற எண் உண்டு. கணினிக்கு ஒன்று என்பதைவிட இணைப்புக்கு ஒன்று என்பதே சரி. கம்பியும் வைஃபையும் உள்ள மடிக்கணினிக்கு இரண்டு மேக் முகவரிகள் இருக்கும். 48 பிட் (0 அல்லது 1 என்ற ஒரு குறியே ஒரு பிட்) நீளமுள்ள இந்த எண்ணை, 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்த 12 குறிகளாக, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். பிரிண்டரின் பின்புறத்திலும் கேமராவின் அடியிலும் ஒட்டியிருக்கும் சீட்டில் அதைக் காணலாம். முதல் 24 பிட்டை ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு உற்பத்தி நிறுவனத்துக்கு ஒதுக்குகிறது. மீதி 24 பிட்டை அந்த நிறுவனம் தான் செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் வேறுவேறாகக் கொடுக்கிறது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் கம்பிவழிப் பிணைய முறையான ஈதர்நெட்டை உருவாக்கியபோது முகவரி 8 பிட் அளவே இருந்தது, ஏனென்றால் அது ஒரு கட்டடத்துக்குள் இருந்த கணினிகளை மட்டும் பிரித்தறிந்தால் போதும். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட தரநிலைதான், உலகில் எங்கே செய்த கருவியும் எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் இன்னொன்றோடு மோதக் கூடாது என்பதற்காக 48 பிட்டைக் கொண்டுவந்தது.

இப்படி உலகம் முழுவதற்கும் தனித்த எண் ஒன்று இருக்கும்போது, அதையே முகவரியாக வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு அனுப்ப முடியாதா என்று கேட்கலாம். முடியாது, அதன் காரணம் நம் பக்கத்து வழக்கத்தைக் கொண்டே விளங்கும். நகரத்தாரில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்றைச் சேர்ந்தது. இளையாற்றங்குடிக் கோவிலைச் சேர்ந்தவர் ரங்கூனில் கடை வைத்திருந்தாலும் பினாங்கில் வைத்திருந்தாலும் இளையாற்றங்குடிக் கோவிலைச் சேர்ந்தவர்தாம், அது அவரை விட்டு நீங்காது. ஆனால் அவர் இன்ன கோவிலைச் சேர்ந்தவர் என்பது மட்டும் தெரிந்தால், அவர் இப்போது எந்தத் துறைமுகத்தில், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது தெரியாது. மேக் முகவரியும் அப்படியே, கருவி யாருடைய தயாரிப்பு என்பதைச் சொல்லும். அது இன்று எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வழிகாட்ட வேண்டுமானால், பிணையங்களுக்கு நடுவே வழிகாட்டும் பெட்டியான ரூட்டர் ஒவ்வொன்றும் உலகில் உள்ள எல்லாக் கருவிகளின் இருப்பிடத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும். அது நடக்கக்கூடியதன்று.

இருப்பிடத்தைச் சொல்லும் வேலைக்காகவே ஐ.பி. முகவரி வந்தது. இன்றும் பெரும்பாலோர் காணும் நான்காம் பதிப்பின் வரையறை 1981 செப்டம்பரில் வெளியாயிற்று. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் இந்த முறைக்கு மாறியது. 32 பிட் நீளமுள்ள எண்ணை எட்டெட்டு பிட்டாகப் பிரித்து, 0 முதல் 255 வரையான நான்கு எண்களாகப் புள்ளியிட்டு எழுதுகிறோம். இதில் முன்பாதி ஒரு பிணையத்தையும் பின்பாதி அந்தப் பிணையத்துக்குள் ஒரு கருவியையும் குறிக்கும். எதுவரை முன்பாதி என்பதைச் சொல்வது சப்நெட் மாஸ்க். உங்கள் கணினியில் அது 255.255.255.0 என்று இருக்கும். அதாவது முதல் மூன்று எண்கள் பிணையம், கடைசி எண் கருவி. 192.168.1 என்று தொடங்குபவை எல்லாம் ஒரே பிணையம், அதில் 254 கருவிகளுக்கு இடமுண்டு. முதல் எண்ணான 0 பிணையத்தைக் குறிக்கவும், 255 எல்லோருக்கும் ஒருசேர அறிவிக்கவும் ஒதுக்கப்பட்டவை.

இந்த மாஸ்க் எதற்கு என்பது பலருக்கும் விளங்காமலே போய்விடுகிறது, எனவே சற்று நின்று சொல்கிறேன். முகப்பில் உள்ள கணினி ஒரு தரவுப் பொதியை அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனை செய்கிறது: போய்ச் சேரவேண்டிய முகவரியின் முன்பாதி என் முன்பாதியோடு ஒத்திருக்கிறதா? ஒத்திருந்தால் அது இதே பிணையத்தில் இருக்கிறது, நேரே கொடுத்துவிடலாம். ஒத்திராவிட்டால் அது வெளியே இருக்கிறது, கேட்வே எனப்படும் ரூட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். நேரே கொடுப்பதற்கு மேக் முகவரி வேண்டும் என்பதால், கணினி தன் பிணையம் முழுவதற்கும் கேட்கும்படி ‘192.168.1.50 யார்?’ என்று கேட்கிறது. பிரிண்டர் தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதிலளிக்கிறது. கணினி அதைச் சிறிது நேரம் குறித்து வைத்துக்கொள்கிறது. 1982-இல் வரையறுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. என்ற நெறிமுறை இதுதான். வெளியே போகவேண்டிய பொதியாக இருந்தால், பொதியின் ஐ.பி. தலைப்பில் போய்ச் சேரவேண்டிய இடத்தின் முகவரியை எழுதி, மேக் தலைப்பில் மட்டும் ரூட்டரின் மேக் முகவரியை எழுதுகிறது. ரூட்டர் அதை வாங்கி, பழைய மேக் தலைப்பை நீக்கிவிட்டு, அடுத்த ரூட்டருக்கான புதியதைச் சேர்த்து அனுப்புகிறது. காரைக்குடியிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூர் வரை எத்தனை ரூட்டர்களைத் தாண்டினாலும், ஒவ்வோர் அடியிலும் இந்த உள்ளூர்த் தலைப்பு மாறிக்கொண்டே போகும், போய்ச்சேரும் ஐ.பி. முகவரி மாறாது. இந்த நான்காம் பதிப்பு முறையில் உங்கள் கணினியின் மேக் முகவரி உங்கள் ரூட்டரைத் தாண்டி ஓர் அடிகூட வெளியே போவதில்லை. மேக் முகவரியை வைத்து எங்கிருந்தும் உளவு பார்க்கலாம் என்று யாராவது உங்களை அச்சுறுத்தினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி உங்கள் பிரிண்டருக்கு வருவோம். வீட்டுக் கருவிகளுக்கு ஐ.பி. முகவரியைக் கையால் யாரும் எழுதுவதில்லை. ரூட்டருக்குள் இருக்கும் டி.எச்.சி.பி. என்ற சேவை வழங்குகிறது. 1993-இல் முதலில் வரையறுக்கப்பட்டு 1997-இல் திருத்தப்பட்ட இந்த முறையில், முகவரி சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகவே கொடுக்கப்படுகிறது. புதிதாக வந்த கருவி, தனக்கு முகவரியே இல்லாத நிலையில், தன் மேக் முகவரியை மட்டும் சொல்லிப் பிணையம் முழுவதையும் நோக்கிக் கேட்கிறது. ரூட்டர் ஒரு முகவரியை முன்வைக்கிறது. கருவி அதை வேண்டுகிறது. ரூட்டர் உறுதி செய்கிறது. விலை குறைந்த ரூட்டர்களில் பலவும் இந்தக் குத்தகைப் பட்டியலைத் தற்காலிக நினைவில் மட்டும் வைத்திருப்பதால், மின்சாரம் போனதும் அது அழிந்துவிடுகிறது. மின்சாரம் திரும்பும்போது விருந்தினரின் செல்பேசி முந்திக்கொண்டு கேட்டால், நேற்று பிரிண்டரிடம் இருந்த 192.168.1.50 இன்று அந்தச் செல்பேசிக்குப் போகக்கூடும். பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கும். ஆனால் பில் போடும் கணினியில் பிரிண்டரை நிறுவியவர், பிரிண்டர் இருக்கும் இடமாக 192.168.1.50 என்ற எண்ணையே எழுதி வைத்திருப்பார். கணினி அந்த எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், அங்கே இருப்பது பிரிண்டர் அன்று. சில நாட்களில் மட்டும் பழுதாவதன் காரணம் இதுவே என்பது என் கணிப்பு. பிரிண்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

தீர்வு எளிது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதி இருக்கும். அதில் பிரிண்டரின் மேக் முகவரியையும் அதற்குத் தரவேண்டிய ஐ.பி. எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால், ரூட்டர் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காது. கேமராக்களுக்கும் அவ்வாறே செய்துவிடுங்கள். சிலர் பிரிண்டரிலேயே எண்ணைக் கையால் பதித்துவிடுவார்கள்; அதுவும் சரியே, ஆனால் அந்த எண் ரூட்டர் வழங்கும் வரிசைக்கு வெளியே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போய், இரண்டும் மாறி மாறித் தடுமாறும். கணினியில் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், டி.எச்.சி.பி.-யிடமிருந்து பதிலே வரவில்லை, கணினி தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது கம்பியையும் ரூட்டரையும் பாருங்கள், பிரிண்டர் மென்பொருளை மீண்டும் நிறுவிப் பயனில்லை. செல்பேசிகளுக்கு மேக் முகவரியை வைத்து ஒதுக்கீடு செய்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14-உம் ஒவ்வொரு வைஃபை பிணையத்துக்கும் கற்பனையான ஒரு மேக் முகவரியைக் காட்டும் வழக்கத்தை இயல்பாக்கிவிட்டன. கடைத்தெருவில் நடப்பவரின் செல்பேசியை அதன் நிலையான எண்ணைக் கொண்டு பின்தொடரும் வேலை நடந்ததால்தான் இந்த மாற்றம் வந்தது, அது நியாயமானதும்கூட. மேக் முகவரிப் பட்டியல் வைத்து அந்நியர் வைஃபையில் நுழையாமல் தடுப்பது பாதுகாப்பு என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணை மென்பொருளால் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் அது பாதுகாப்பே ஆகாது.

இரண்டாங்கட்டுச் சிக்கல், நம் பக்கத்து வீடுகளின் அமைப்பாலேயே வருவது. ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு, பருமனான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவே வளவு எனப்படும் முற்றம். முகப்பில் வைத்த ரூட்டரின் வைஃபை வளவைத் தாண்டுவதற்குள் நலிந்துவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2.4-ஐ விட விரைவில் நலியும். அதனால் இரண்டாங்கட்டுக்குக் கம்பி இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கம்பியை அதன் ‘வான்’ (WAN, வெளி இணைப்பு) துளையில் செருகியவுடன் அது தன்னை ஒரு முழு ரூட்டராகவே கருதிக்கொண்டு, 192.168.0 என்று தொடங்கும் புதிய பிணையம் ஒன்றை உருவாக்கிவிடுகிறது. இப்போது வீட்டுக்குள் இரண்டு பிணையங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. பிரிண்டரைத் தேடும் மென்பொருள்கள் பெரும்பாலும் தம் பிணையம் முழுவதற்கும் கேட்கும்படி அழைத்துத் தேடுகின்றன. அந்த அழைப்பு ரூட்டரைத் தாண்டாது. ஆகவே இரண்டாங்கட்டு மடிக்கணினியின் பட்டியலில் முகப்புப் பிரிண்டர் வராது. வியப்பான செய்தி என்னவென்றால், அதே மடிக்கணினியில் பிரிண்டரின் ஐ.பி. எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்தால் அது பெரும்பாலும் அச்சிட்டுவிடும், ஏனென்றால் உள்ளிருந்து வெளியே போவதற்குத் தடையில்லை. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக் கருவியை அடைவதுதான் முடியாது.

சரியான தீர்வு, இரண்டாவது பெட்டியை ரூட்டர் வேலையிலிருந்து விடுவித்து, வைஃபையை மட்டும் பரப்பச் செய்வது. அதில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கினால் போதும். இல்லாவிட்டால் அதன் டி.எச்.சி.பி.-ஐ நிறுத்திவிட்டு, அதற்கு 192.168.1.2 போன்ற, வேறு யாருக்கும் போகாத ஓர் எண்ணைக் கொடுத்து, முகப்பிலிருந்து வரும் கம்பியை ‘வான்’ துளையிலிருந்து எடுத்து ‘லான்’ (LAN, உள் இணைப்பு) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வீடு முழுவதும் ஒரே பிணையமாகிவிடும்.

அடுத்தது தம்பியின் கேமரா. இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள், குழம்புவதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296. 1981-இல் அது எல்லையற்றதாகத் தோன்றியது. தொடக்கத்தில் மொத்தமாகப் பெரிய பெரிய தொகுதிகளாக நிறுவனங்களுக்கு வழங்கிவிட்டார்கள். 1993-இல் தேவைக்கேற்ற அளவில் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் வட்டாரப் பதிவகங்களுக்கு வழங்கப்பட்டுத் தீர்ந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய-பசிபிக் பதிவகமும் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. இந்தத் தட்டுப்பாட்டை முன்னரே உணர்ந்துதான், 1994-இல் மூன்று தொகுதிகளை உள்வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கினார்கள்: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் தம் எல்லைக்குள் பயன்படுத்தலாம். ஆனால் இவற்றுக்குப் பொது இணையத்தில் வழி கிடையாது. 192.168.1.64 உங்கள் வீட்டிலும் இருக்கும், தேவகோட்டையில் ஒரு மருந்துக் கடையிலும் இருக்கும், தம்பியின் சிங்கப்பூர் அடுக்ககத்திலும் இருக்கும். தம்பி அந்த எண்ணைத் தட்டும்போது, அவருடைய கணினி தன் வீட்டுக்குள்ளேயே அதைத் தேடுகிறது. கேமராவில் பழுதில்லை, கொடுத்த எண்ணின் எல்லை கானாடுகாத்தான் வீட்டு ரூட்டரோடு முடிந்துவிடுகிறது.

அப்படியானால் உள்வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் கணினி மட்டும் வெளி உலகத்தோடு எப்படிப் பேசுகிறது? நாட் எனப்படும் முகவரி மாற்றத்தின் வழியாக. ஒரு பொதி வெளியேறும்போது ரூட்டர் அதன் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் வெளி முகவரியை எழுதிவிடுகிறது. பல கருவிகளும் அதே வெளி முகவரியைப் பகிர்வதால், பதில் யாருக்கு என்று தெரிவதற்காகப் போர்ட் எண்ணையும் மாற்றி ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. போர்ட் எண் என்பது கணினிக்குள் எந்த நிரல் என்பதைக் காட்டும் 16 பிட் எண், 65,535 வரை செல்லும்; பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443, அஞ்சல் வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று பேச 25 என்பது போலச் சிலவற்றுக்கு நிலையான இடம் உண்டு. பதில் வந்ததும் ரூட்டர் அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்புகிறது. இணையத்தில் தேடியபோது நீங்கள் பார்த்தது இந்த வெளி முகவரியைத்தான். இதில் கவனிக்க வேண்டியது, அட்டவணையில் வரி எழுதப்படுவது உள்ளிருந்து ஒருவர் வெளியே பேசத் தொடங்கும்போது மட்டுமே என்பது. வெளியிலிருந்து முதலில் வருபவருக்கு அட்டவணையில் வரியில்லை, ரூட்டர் அந்தப் பொதியைக் கைவிட்டுவிடும்.

இதற்காக ரூட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்து, வெளியிலிருந்து இந்தப் போர்ட்டுக்கு வருவதைக் கேமராவுக்கு அனுப்பு என்று நிலையாக எழுதிவைக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். ரூட்டரின் பக்கத்தில் அதன் வெளி முகவரி என்ன என்று காட்டும், அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, அல்லது தேடலில் வந்த எண்ணோடு பொருந்தாவிட்டாலோ, உங்கள் இணைய நிறுவனம் தன்னிடத்திலேயே இன்னொரு முகவரி மாற்றத்தைச் செய்கிறது என்று பொருள். 2012-இல் இதற்கென்றே அந்த 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. அப்படிப்பட்ட இணைப்பில் நீங்கள் ரூட்டரில் எதைத் திறந்து வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் உங்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே உங்கள் கைக்கு எட்டாத இன்னொரு அட்டவணை இருக்கிறது. கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி ஒன்றைக் கேட்டு வாங்கலாம். அல்லது கேமரா தானே வெளியிலுள்ள ஒரு வழங்கியோடு தொடர்பை ஏற்படுத்திக்கொண்டு காத்திருக்கும் செயலி முறையைப் பயன்படுத்தலாம். பேச்சு உள்ளிருந்து தொடங்குவதால் எத்தனை அட்டவணை குறுக்கே இருந்தாலும் அது நடக்கும்.

இரண்டாவது வழியையே நான் சொல்வேன், அல்லது வெளியிலிருந்து வீட்டுப் பிணையத்துக்குள் பூட்டிய தனிவழி தரும் முறையான வி.பி.என். அமைப்பை. கேமராவைப் பொது முகவரியில் நேரே திறந்துவைப்பது ஆபத்தானது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் இணையம் முழுவதும் தேடிப் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படைகொண்டு தளப்பெயர்களுக்கு உரிய எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். சேவையை நடத்திய டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அத்தளங்களின் வழங்கிகள் எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அந்தப் பெயர்தான் அடுத்த அடையாளம். தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன, கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். முறையில், முழுப்பட்டியல் யாரிடமும் இல்லை. மேலே உள்ளவர் கீழே யாரைக் கேட்கவேண்டும் என்பதை மட்டும் சொல்வார். உங்கள் விடுதியின் தளப்பெயரை ஒருவர் தட்டினால், அவருடைய பெயர்வழங்கி மூல வழங்கியைக் கேட்டு, அது ‘.இன்’ பதிவகத்தைக் காட்ட, அது உங்கள் தளத்துக்குரிய வழங்கியைக் காட்ட, கடைசியில் எண் கிடைக்கிறது. பெயர் அப்படியே இருக்க, பின்னால் உள்ள எண்ணை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நெட் இல்லை என்று தோன்றும்போது, 8.8.8.8 போன்ற ஓர் எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு அழைப்பு) அனுப்பிப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறது, பெயர்வழங்கிதான் பழுது. ‘.இந்தியா’ என்று முழுதும் தமிழ் எழுத்திலேயே தளப்பெயர் பதிவுசெய்யும் வசதியும் இருக்கிறது. விண்டோஸ் கணினிக்கு நீங்கள் வைக்கும் பெயர் இதனோடு சேராது. அது வீட்டுப் பிணையத்துக்குள் மட்டும் செல்லும், ஒரே பெயரை இரண்டு கணினிகளுக்கு வைத்தால் சண்டை வரும்.

ஆறாம் பதிப்பு ஐ.பி. முகவரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் செல்பேசி இந்நேரம் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும். ஆறாம் பதிப்பின் பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. இதன் நீளம் 128 பிட், 34-க்குப் பின் 37 சுழியங்களை இட்டால் ஏறத்தாழ வரும் அளவு முகவரிகள். ஒவ்வொரு கேமராவுக்கும் உலகில் தனித்த முகவரி தரமுடியும் என்பதால் முகவரி மாற்றத்துக்குத் தேவையே இல்லை, ஆனால் அதே காரணத்தால் ரூட்டரின் தடுப்புச் சுவரைச் சரியாக வைத்திருக்கவேண்டும். இதன் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லை என்பதை முகவரிக்குள்ளேயே வெளிப்படையாக வைத்திருப்பது: ஒவ்வோர் இணைப்புக்கும், அந்தக் கம்பிக்குள் மட்டும் செல்லும் ஒரு முகவரியும் உலகம் முழுதும் செல்லும் முகவரியும் தனித்தனியே இருக்கின்றன. தொடக்கத்தில் ஒரு தவறான முடிவும் எடுத்தார்கள். மேக் முகவரியை ஐ.பி. முகவரியின் பின்பாதியில் அப்படியே பொதித்துவிட்டார்கள். மாறாத அடையாளமும் மாறும் இருப்பிடமும் ஒன்றாகக் கலந்ததால், மடிக்கணினி எந்த ஊருக்குப் போனாலும் அதன் பின்பாதியைக் கண்டு தொடர முடிந்தது. 2001-இல் அதற்கு மாற்றாக, தற்செயலாக அமைந்து அவ்வப்போது மாறும் பின்பாதி முறையை வகுத்தார்கள். இன்றைய கணினிகளும் செல்பேசிகளும் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

விடுதி நடத்துபவர் என்ற முறையில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். விருந்தினர் ஒருவர் உங்கள் வைஃபையில் செய்யும் எதுவும் வெளி உலகத்துக்கு உங்கள் இணைப்பின் முகவரியிலிருந்தே வந்ததாகத் தெரியும். ஐ.பி. முகவரி மனிதரை அடையாளம் காட்டாது. ஓர் இணைப்பை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் காட்டும், அவ்வளவே. இணைய நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும்போது இணைப்பைக் காட்டுவதற்குக்கூட அது போதாது. துல்லியமான நேரமும் போர்ட் எண்ணும் சேர்ந்தால்தான் எந்த வீடு என்பது தெரியும். வழங்கிகள் வருபவரின் போர்ட் எண்ணையும் சேர்த்தே பதிவுசெய்யவேண்டும் என்ற பரிந்துரை 2011-இலேயே வெளியானது இதனால்தான். ஆகவே விருந்தினருக்கென்று ரூட்டரில் தனி வைஃபை பெயரையும் தனி பிணையத்தையும் இயக்குங்கள்; அதிலிருந்து பில் கணினியையோ கேமராவையோ பிரிண்டரையோ அடைய முடியாதபடி ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற தேர்வே தடுத்துவிடும். ரூட்டரின் கடிகாரம் சரியான இந்திய நேரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்து, எந்த அறைக்கு எந்த நாளில் வைஃபை கடவுச்சொல் கொடுக்கப்பட்டது என்பதை வருகைப் பதிவேட்டிலேயே எழுதிவையுங்கள். ரூட்டரிலும் கேமராவிலும் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் இன்னும் இருக்குமானால், பிரிண்டரைத் தொடுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.